தக்காளியில் பூச்சியா, உப்பா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

தை பிறந்துவிட்டால் என் வீட்டுத் திண்ணைக்கு பிளாஸ்டிக் பைகள் வர ஆரம்பித்துவிடும். உள்ளே தக்காளி இலை இருக்கும், சில நாள் ஓட்டை விழுந்த காய். ஒரு தடவை வேரோடு பிடுங்கிய முழுச் செடியே வந்தது. எங்கள் இராமநாதபுரம் கடற்கரையோரம், உச்சிப்புளி, திருப்புல்லாணி, பெரியபட்டினம் பக்கம் மணல் தோட்டங்களில் மழை முடிந்து கிணற்றுத் தண்ணீரை நம்பி நட்ட செடிகள். கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன மருந்து அடிக்க?"

பல பைகளில் பூச்சியே இருக்காது. நம்ம கரையில் உப்பும் காற்றும் பூச்சி மாதிரியே வேஷம் போடும். அதற்கு மருந்து அடித்தால் காசும் போகும், செடியும் வாடும்.

இதை மேலிருந்து கீழே படிக்க வேண்டியதில்லை. உங்கள் செடியில் தெரிவது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில்.

## எதுவானாலும் முதலில் இந்தப் பத்து நிமிடம்

வெயில் ஏறுவதற்கு முன் தோட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடி பாருங்கள். வரப்போரத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

இலையைத் திருப்புங்கள். தக்காளியைத் தின்னும் சின்னப் பூச்சிகளில் பெரும்பாலானவை அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். கொழுந்தையும் பூவையும் ஒரு வெள்ளைத்தாளின் மேல் நாலு தட்டு தட்டுங்கள். விழுந்தது ஓடுகிறதா என்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அடுத்து, பாதிப்பு எங்கே இருக்கிறது? பூச்சி திட்டுத்திட்டாக வரும், பெரும்பாலும் வரப்பிலிருந்து உள்ளே நகரும். உப்பு தண்ணீர் போன வழியிலேயே வரும். வாய்க்கால் கடைசி, சொட்டுநீர்க் குழாயின் வால், பள்ளமான மூலை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பைக்குப் பதில் கிடைத்துவிடும்.

## அறிகுறி: இலை சுருள்கிறது

அடி இலை மட்டும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறது, கொழுந்து நன்றாக இருக்கிறது

வெயில், காற்று, தண்ணீர்க் குறைவு. வறட்டுக் காற்று ரெண்டு நாள் விடாமல் அடித்தாலே இப்படி ஆகும். தொட்டால் இலை தடிப்பாக, தோல் மாதிரி இருக்கும். மருந்து வேண்டாம். மதியம் ஒரேயடியாகப் பாய்ச்சுவதை விட்டுவிட்டுக் காலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். தென்னோலையோ வைக்கோலோ செடியடியில் மூடாக்காகப் போடுங்கள்.

கொழுந்து சின்னதாகிறது, மஞ்சளாகிக் கிண்ணம் மாதிரி குவிகிறது, செடி குட்டையாக நிற்கிறது

செடியை லேசாக ஆட்டுங்கள். வெள்ளைத் தூசு மாதிரி பறந்து மறுபடி இலைக்கடியில் உட்கார்ந்தால் அது வெள்ளை ஈ. சுருட்டுவது ஈ இல்லை, அது கொண்டு வந்த இலைச்சுருட்டை வைரஸ். வைரஸ் ஏறிய செடிக்கு மருந்தே கிடையாது. கடைக்காரர் என்ன பாட்டில் நீட்டினாலும் சரி, அந்தச் செடி திரும்பாது. நாம் காப்பாற்றுவது பக்கத்துச் செடியை.

செடியைப் பிடுங்குங்கள், ஆனால் சும்மா பிடுங்காதீர்கள். ஆட்டிப் பிடுங்கினால் ஈ அடுத்த செடிக்குப் போய்விடும். அதிகாலை ஈ மந்தமாக இருக்கும் நேரத்தில் உரச்சாக்கைச் செடிக்கு மேலே கவிழ்த்து, சாக்கோடு சேர்த்துப் பிடுங்கி, வாயைக் கட்டி வெயிலில் போடுங்கள்.

அடுத்து வரப்பு. துத்தியில் வெள்ளை ஈ வருஷம் முழுக்கக் குடித்தனம் நடத்தும். வேலிக்கருவையை வெட்ட ஆள் வைக்கிறோம், அதன் நிழலில் நிற்கும் துத்தியைக் கண்டுகொள்வதில்லை. பக்கத்தில் முடிந்துபோன கத்தரி, வெண்டை நின்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு அஞ்சாறு, செடி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. நம்ம பக்கம் காற்றில் மணல் வந்து அட்டையில் ஒட்டிக்கொண்டால் பசை வேலை செய்யாது. விரலால் தொட்டு ஒட்டுகிறதா பாருங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம். 10 லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, இலைக்கடியில் படும்படி அடிக்க வேண்டும். கடைசியாகத்தான் கடை மருந்து: 10 லிட்டருக்கு தயாமீத்தாக்சம் 25 டபிள்யூ.ஜி. 4 கிராம், அல்லது சயான்ட்ரனிலிப்ரோல் ஓ.டி. 18 மில்லி. (டபிள்யூ.ஜி., ஓ.டி. மாதிரி எழுத்துகள் மருந்து குருணையா, திரவமா என்ற வகையைச் சொல்பவை.)

நான் தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடும் இடம்: பூ வருவதற்கு முன்பே பத்துக்கு ஒரு செடி இப்படி ஆகிவிட்டால். அப்போது தப்பு பெரும்பாலும் நாற்றங்காலிலேயே நடந்திருக்கும். அடுத்த முறை அங்குலத்துக்கு 40 கண் உள்ள நைலான் வலைக்குள் வளர்ந்த நாற்றாக வாங்குங்கள். திறந்தவெளியில் வளர்த்த நாற்று மலிவு என்று நான் ஒரு வருஷம் வாங்கி, ஆயிரம் செடியில் பாதியைச் சாக்குக்குள் போட்டேன்.

கொழுந்து வெண்கல நிறமாகிறது, இலையில் வெள்ளிக் கீறல்

வெள்ளைத்தாளில் தட்டினால் நூல் துணுக்கு மாதிரி மஞ்சளாக ஓடும். இலைப்பேன். மிளகாய்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முண்டு மிளகாய்த் தோட்டத்தை ஒட்டித் தக்காளி போட்டவர்கள் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். கீறல் மட்டும் இருந்தால் வேப்பங்கரைசல் போதும். கொழுந்து கருகி, காயில் வட்டம் வட்டமாகத் தடம் விழுந்தால் அது இலைப்பேன் பரப்பும் வைரஸ். அந்தச் செடிக்கும் உரச்சாக்குதான்.

## அறிகுறி: காயில் ஓட்டை, காயில் கறை

ஓட்டையே இல்லை, காயின் அடிப்பக்கம் மட்டும் கருத்துக் குழிந்திருக்கிறது

புழு என்று சொல்லி இதற்கு மருந்தடித்தவர்களை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. இது நுனி அழுகல். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும், தண்ணீர் ஒருநாள் வெள்ளம் ஒருநாள் பஞ்சம் என்றிருந்தால் ஏறாது. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். காயை அறுத்துப் பாருங்கள். எச்சம் இல்லை, சுரங்கம் இல்லை, கருப்புத் தோல் மட்டும் என்றால் புழு குற்றவாளி இல்லை. தண்ணீரை ஒழுங்குபடுத்துங்கள். சொட்டுநீர் இருந்தால் தினமும் கொஞ்சம்.

வட்டமாகச் சுத்தமான ஓட்டை, புழுவின் உடம்பு பாதி வெளியே

இது பச்சைக் காய்ப்புழு. தலையைக் காய்க்குள் விட்டு, பின்பாதி வெளியே கிடக்கும். பச்சை, பழுப்பு, சில சமயம் மஞ்சள் என்று நிறம் மாறும். பக்கவாட்டுக் கோடு மட்டும் மாறாது. ஒரே புழு ஒரு காயோடு நிற்காது. கொஞ்சம் கடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். ரெண்டிலிருந்து எட்டுக் காய் வரை கெடுக்கும்.

இதைப் பிடிக்க வேண்டியது காயில் ஓட்டை பார்த்த பிறகு இல்லை. பூக்கும்போதே கொழுந்து இலையிலும் பூக்காம்பிலும் கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சளாக, ஒவ்வொன்றாகத் தனித்தனி முட்டை இருக்கும். குஞ்சுப்புழு முதலில் இலையையும் பூவையும் சுரண்டும், காய்க்குள் அப்புறம்தான் போகும். உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் அதை லேசில் தொடாது. செடிக்கு ஒரு முட்டை அல்லது ஒரு புழு என்று பார்த்தால் இறங்க வேண்டிய நேரம்.

முதல் வேலை கையால் பொறுக்குவது. அரை ஏக்கருக்குள் என்றால் இதைவிட மலிவு ஒன்றுமில்லை. ஓட்டை விழுந்த காயைப் பறித்து வரப்பில் எறிந்தால் புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி அந்துப்பூச்சியாக வரும். வாளியில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் போடுங்கள்.

பிறகு இனக்கவர்ச்சிப் பொறி, ஏக்கருக்கு அஞ்சு. பொறிக்குள் வைக்கும் வாசனைக் குப்பியை (லூர்) கடையில் "காய்ப்புழு லூர்" என்று கேட்டு வாங்குங்கள். புரொடீனியா என்ற இன்னொரு புழுவுக்கான லூர் வேறு. மாற்றிக் கொடுத்துவிட்டால் பொறி காலியாகத் தொங்கும், நாம் பூச்சி இல்லை என்று நம்பிக்கொண்டிருப்போம்.

கேந்தியை (செண்டுமல்லி) ஊடே நடுவதும் நல்ல யோசனை, ஆனால் நாள் கணக்கு வேண்டும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி. தக்காளி நாற்று 25 நாள் என்றால் கேந்தி நாற்று 45 நாள். தக்காளி பூக்கும்போது கேந்தியும் பூத்திருந்தால்தான் அந்துப்பூச்சி முட்டையிட அங்கே போகும். ரெண்டையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு "கேந்தி வேலை செய்யலை" என்று சொல்லக்கூடாது.

அடுத்தபடி என்.பி.வி. வைரஸ் கரைசல், புழுவுக்கு நோய் கொடுத்துக் கொல்லும் வைரஸ். காய்ப்புழுவுக்கு ஹெலிகோவெர்பா (காய்ப்புழுவின் அறிவியல் பெயர்) என்.பி.வி. தான், மற்றதற்கு அது ஒன்றும் செய்யாது. வெயிலில் செத்துவிடும், அதனால் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல்தான். கொஞ்சம் வெல்லம் கலப்பார்கள். நம்ம ஊரில் பனங்கருப்பட்டி இருக்கும்போது வெல்லம் எதற்கு? நான் அதையே கரைத்து வடிகட்டிச் சேர்க்கிறேன். சில நாள் கழித்துச் செடியின் உச்சியில் தலைகீழாகத் தொங்கும் கருத்த புழுவைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைப் பறிக்காதீர்கள், அது உடைந்து மற்ற புழுவுக்கும் பரப்பும்.

கடைசியில் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி., 10 லிட்டருக்கு 3 மில்லி. மூடியால் அளக்காதீர்கள், மருந்தகத்தில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கி அளந்துகொள்ளுங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று லேபிளில் இருக்கும். அந்தக் காய் சந்தைக்கு மட்டும் இல்லை, நம்ம வீட்டு ரசத்துக்கும் வரும்.

ஓட்டை ஒழுங்கில்லை, இலையும் சல்லடை, பகலில் புழுவே காணோம்

புரொடீனியா. பகலில் செடியடி மண்ணிலும் மூடாக்குக்குக் கீழும் ஒளிந்திருக்கும். ராத்திரி எட்டரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். இதன் முட்டை குவியலாக, பழுப்பு மயிர் போர்த்தி இருக்கும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழு போச்சு. வரப்பில் ஆமணக்கு நட்டு வைத்தால் தக்காளியைவிட அதைத்தான் தேடும். அதில் முட்டைக்குவியல் பறிப்பது சுலபம். தவிட்டில் கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்து வைக்கச் சொல்லும் பழைய குறிப்பு இன்னமும் கைமாறி வருகிறது. கார்பரில் 2018லேயே தடையாகிவிட்டது.

காம்போரம் ஊசி குத்தின மாதிரி சின்ன ஓட்டை

அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## அறிகுறி: இலையில் கோடு அல்லது கொப்புளம்

பாம்பு நெளிந்த மாதிரி மெல்லிய வெள்ளைக்கோடு என்றால் இலைத்துளைப்பான் ஈ. பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அடி இலையில் மட்டும் இருந்தால் கிள்ளிப் போடுங்கள். இதற்கு அவசரப்பட்டு மருந்தடித்தால் இதைத் தின்னும் சின்னக் குளவிகளும் சாகும், அடுத்த வாரம் கோடு இரட்டிப்பாகும்.

கோடாக இல்லாமல் அகலமான கொப்புளம், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளே புழுவும் கருப்பு எச்சமும் தெரிகிறது, காயிலும் ஊசி ஓட்டை என்றால் விஷயம் வேறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஊசிப்புழு. 2014ல் மகாராஷ்டிராவில் தென்பட்டு, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. இதைச் சந்தேகித்தால் நீங்களாக மருந்து தேர்ந்தெடுக்க வேண்டாம். இலையையும் காயையும் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள். ஊர் முழுக்க ஒன்றாக இறங்கினால்தான் அடங்கும். ஒருத்தர் மட்டும் அடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்.

## அறிகுறி: இலை ஓரம் கருகுகிறது

இது உப்பு. அடி இலையின் ஓரமும் நுனியும் முதலில் பழுப்பாகும், மேலே ஏறும். திருப்பிப் பார்த்தால் பூச்சி இருக்காது. பாத்தியில் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொருக்குத் தெரியும்.

நம்ம மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மார்கழியில் இனித்த கிணறு பங்குனியில் கரிப்பது அதனால்தான். மோட்டாரைப் போட்டு அடிமட்டம் வரை உறிஞ்சினால் இன்னும் சீக்கிரம் கரிக்கும். அரைமணி ஓட்டி, விட்டு, ஊறவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் இலையில் படக்கூடாது.

மண்ணில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 2.5 டெசிசைமன்/மீட்டர் (dS/m) தாண்டினால் தக்காளி மகசூல் குறைய ஆரம்பிக்கும். இராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மண், தண்ணீர்ப் பரிசோதனைக்கு எங்கே கொடுக்கலாம் என்று அங்கே விசாரியுங்கள். இதற்கு மேல் பூச்சி மருந்துக்காரருக்கு இதில் வேலையில்லை.

## அறிகுறி: இலையில் பொடிப் புள்ளி, மங்கல், மெல்லிய வலை

செஞ்சிலந்தி. மாசி பங்குனி வறட்சியில் ரோட்டோரப் புழுதி படியும் வரிசையில் முதலில் வரும். இது பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால். அதனால் பூச்சிக்கொல்லி அடித்தால் இதைத் தின்கிறவை சாகும், இது பெருகும். முதலில் இலைக்கடியில் தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள், உப்பில்லாத தண்ணீராக. பிறகு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சிவெயிலில் கந்தகம் கூடாது, வேப்ப எண்ணெய் அடித்த ரெண்டு வாரத்துக்குள்ளும் கூடாது, இலை பொசுங்கிவிடும்.

## அறிகுறி: வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு

மாவுப்பூச்சி. எறும்புதான் இதைத் தூக்கிச் சுமந்து குடியேற்றும், அதனால் எறும்புப் புற்றைக் கவனியுங்கள். கிளையை வெட்டி எரியுங்கள். மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம். நாற்றம் பழகிய ஊர் நமக்கு, தொந்தரவில்லை.

## அறிகுறி: மதியம் வாடி, சாயங்காலம் நிமிர்கிறது

ஒரு செடியைத் தோண்டி வேரைக் கழுவுங்கள். உருண்டை முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு, மணல்மண்ணின் பழைய சொந்தக்காரர். இந்தப் பருவத்தில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. அடுத்த முறை அதே இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் போடாதீர்கள். முடிச்சு இல்லை, செடி பச்சையாகவே சாய்கிறது என்றால் தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். அன்றைக்கே தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிடுங்கள், அந்த மண்வெட்டியை வேறு பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.

## அறிகுறி: மருந்தடித்தும் குறையவில்லை

அதிகம் வரும் பை இதுதான். டோஸைக் கூட்டுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

தண்ணீர். நாலு வருஷத்துக்கு முன் வேப்ப எண்ணெயைச் சோப்போடு அடித்து, கிணற்றுத் தண்ணீரில் கலந்தேன். டேங்குக்குள் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. "கலக்கினா சரியாயிரும்" என்று அடித்துவிட்டேன். சோப்பு திரிந்ததால் எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. முதல் அஞ்சு வரிசைக்கு வெறும் தண்ணீர், கடைசி ரெண்டு வரிசைக்கு முழு எண்ணெய். அந்த ரெண்டு வரிசை மூணாம் நாள் வறுத்த இலையாக நின்றது. பக்கத்துத் தோட்டத்து மதினி பார்த்துவிட்டு, "ஏன்யா, துணி துவைக்கவே அந்தத் தண்ணியில நுரை வராது, மருந்து மட்டும் எப்படிய்யா கரையும்?" என்றார்.

அதிலிருந்து அவர் சோதனைதான் என் சோதனை. பாட்டிலில் பாதித் தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்பு, குலுக்கு. நுரை நிற்காவிட்டால் அந்தத் தண்ணீர் மருந்துக்கு ஆகாது. மருந்தடிக்க ஊருணித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள், கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி. டைமெத்தோயேட் மாதிரி மருந்துகள் காரத் தண்ணீரில் நின்றாலே வீரியம் இழக்கும். கலந்தால் உடனே அடித்து முடியுங்கள்.

நேரமும் காற்றும். காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் சாயங்காலம். கடல்காற்று கிளம்பிவிட்டால் பாதி மருந்து பக்கத்துத் தோப்புக்குப் போகும்.

மூக்கு. தெளிப்பானின் நாசில் தேய்ந்திருந்தால் தூறலாக வராமல் பீச்சும். உப்புப் படிந்து அடைத்தும் இருக்கும். ஊசியால் குத்தாதீர்கள், பழைய பல் பிரஷ் போதும். இலைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

ஒரே குடும்பத்து மருந்து. பாட்டில் மாறியிருக்கும், கம்பெனி மாறியிருக்கும், சரக்கு ஒன்றாகவே இருக்கும். இமிடாகுளோப்ரிட், அசிட்டமிப்ரிட், தயாமீத்தாக்சம் மூன்றும் ஒரே வகையறா. "நிலிப்ரோல்" என்று முடியும் ரெண்டும் அண்ணன் தம்பி. ஒன்றுக்குப் பழகிய பூச்சி மற்றதற்கும் சிரிக்கும். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள், பெரிய எழுத்துப் பெயரை அல்ல.

மூணு மருந்தை ஒன்றாகக் கலப்பது. வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் யாராவது கொடுத்தால் அதுவும் வேண்டாம், காய்கறிக்கு அடிக்க அதற்குத் தடை உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்து, சரியான மருந்தைச் சரியான அளவில் ரெண்டு தரம் அடித்தும் நிற்கவில்லை என்றால் மூணாவது தரம் அடிக்காமல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ போங்கள். போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். அடித்த மருந்தின் காலி டப்பா, அடித்த தேதி, கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் மூன்றும் கையில் இருக்கட்டும்.

மருந்தடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல், அளவுக்கு மீறி வியர்வை என்றால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐக் கூப்பிடுங்கள். டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுப்பார்.

இலையை யாரிடம் கொண்டு போனாலும் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். பஸ்ஸில் வருவதற்குள் வேர்த்து அழுகி, வெள்ளை ஈயா உப்பா என்று எனக்கே தெரியாமல் போகிறது. பழைய நியூஸ்பேப்பரில் மடித்து, காலையில் பறித்ததை அன்றைக்கே கொண்டு வாருங்கள், நல்ல செடியின் இலை ஒன்றும் கூடவே இருக்கட்டும்.